15 சதவீதம் குறைச்சுக்கிட்டா கோத்தகிரியிலேயே இருந்துடலாமா?

கேள்வி: அக்கா வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்துல ஒரு ஹட்டியில (படுகர் கிராமம்) இருந்து எழுதுறேன், வயசு 33. 2018-ல பெங்களூருல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில டெஸ்டிங்ல சேர்ந்தேன், 2020 மார்ச்ல லாக்டவுனுக்கு ஊருக்கு வந்தவ அப்படியே இங்கேயே இருந்து வேலை பாக்குறேன். இப்போ ஆட்டோமேஷன் லீட், சிடிசி, அதாவது கம்பெனி எனக்காக வருஷத்துக்குச் செலவு பண்ற மொத்தம், 18 லட்சம். வீட்டுக்காரர் தேயிலைத் தோட்டத்தைப் பாத்துக்கிட்டு சின்னதா உரக்கடை வச்சிருக்கார், பொண்ணு ரெண்டாவது படிக்கிறா, மாமியாரும் எங்ககூடத்தான். போன வாரம் ஹெச்ஆர்ல இருந்து மெயில் வந்துச்சு. ஜூன்ல இருந்து வாரம் 3 நாள் பெங்களூரு ஆபீஸுக்கு வரணுமாம், முடியலன்னா வீட்டுல இருந்தே வேலை பாக்குறவங்களுக்கான 'ரிமோட் பேண்ட்'ங்கிற தனி சம்பள அடுக்குல போட்டு 15 சதவீதம் சம்பளத்தைக் குறைப்பாங்களாம். இந்த வொர்க் ஃப்ரம் ஹோம் நிக்குமா, இல்ல ரெண்டு வருஷத்துல மொத்தமா மூட்டை கட்டிடுவாங்களா? பாக்குற வேலை அதேதான், அப்புறம் எதுக்கு குறைக்கணும்? நான் ஒத்துக்கலாமா? இன்னொண்ணு, தம்பி கோயம்புத்தூர்ல ஃபைனல் இயர். அவனும் ரிமோட் வேலையாத்தான் தேடுவேங்குறான், அது சரியா?

பதில்: வணக்கம்மா. முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், அந்த மெயிலுக்கு இன்னும் பதில் போடலன்னா போடாதீங்க, 'அக்செப்ட்' பட்டன் ஏதாச்சும் இருந்தா அமுக்கிடாதீங்க. இதை முழுசாப் படிச்சிட்டு அப்புறம் உக்காந்து நிதானமா எழுதலாம்.

நான் இத்தனை வருஷமா பாத்துட்டு வர்ற வேலையே கம்பெனிகளுக்கு சம்பள அடுக்கு போட்டுக் குடுக்குறதுதான், யாருக்கு எந்த பேண்ட், எவ்வளவு ஹைக் (சம்பள உயர்வு), இந்த மாதிரி. அந்தப் பக்கம் உக்காந்து பாக்குறவளா சொல்றேன், நீங்க வொர்க் ஃப்ரம் ஹோமை ஒரு வசதியா, ஒரு சலுகையா நினைக்கிறீங்க, கம்பெனி அப்படி நினைக்கிறதில்ல. அவங்க கணக்குல அது சம்பளத்தோட ஒரு பகுதி. ஆள் கிடைக்காத காலத்துல சம்பளத்தை ஏத்துற மாதிரியே இதையும் தாராளமா குடுப்பாங்க, ஆள் தாராளமா கிடைக்கிற காலத்துல போனஸைப் பிடிக்கிற மாதிரி இதையும் பிடிப்பாங்க. இது புரிஞ்சிட்டா உங்க முதல் ரெண்டு கேள்விக்கும் பாதி பதில் வந்துடும்.

சும்மா சொல்லல, நடந்ததைப் பாருங்க. 2020 ஏப்ரல்ல டிசிஎஸ் ஒரு திட்டம் சொன்னாங்க, 2025-க்குள்ள எந்த நேரத்துலயும் 25 சதவீதம் பேர் ஆபீஸ்ல இருந்தா போதும்னு, எல்லாரும் ஆஹான்னு பேசினோம். 2022 நடுவுல இன்ஃபோசிஸ்ல வேலையை விட்டுப் போறவங்க விகிதம் 28.4 சதவீதம், அதாவது வருஷத்துக்கு நாலு பேர்ல ஒருத்தருக்கும் மேல கிளம்பிட்டு இருந்தாங்க. அப்போ யாராவது ஆபீஸுக்கு வாங்கன்னு கண்டிப்பா சொன்னாங்களா? சொல்ல மாட்டாங்க, சொன்னா மிச்சம் இருக்குறவனும் பேப்பர் போட்டுடுவான். 2024 மார்ச் வாக்குல அதே இன்ஃபோசிஸ்ல அந்த விகிதம் 12.6-க்கு இறங்கிடுச்சு. நடுவுல என்ன ஆச்சு? டிசிஎஸ் 2023 அக்டோபர்ல இருந்து வாரம் 5 நாள், விப்ரோ 2023 நவம்பர்ல இருந்து வாரம் 3 நாள், இன்ஃபோசிஸ் மாசம் 10 நாள், அமெரிக்காவுல அமேசான் 2025 ஜனவரியில இருந்து 5 நாள். எல்லாரும் வெளிய சொன்ன காரணம் கலாச்சாரம், கூடி வேலை செய்றது, புது ஆளுங்களுக்குக் கத்துக் குடுக்குறது, அதுல உண்மையும் கொஞ்சம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா இது எல்லாம் ஒரே நேரத்துல எல்லாருக்கும் ஞாபகம் வந்ததுக்குக் காரணம் ஆள் சந்தைதாம்மா.

அதுக்கும் மேல ஒண்ணு, 2024-ல டிசிஎஸ் வேரியபிள் பேவை, அதாவது சம்பளத்துல கூடிக் குறையுற பகுதியை, வருகைப் பதிவோட கட்டிட்டாங்க, 60 சதவீதத்துக்குக் கீழ ஆபீஸ் வந்தா அந்த குவார்ட்டர் வேரியபிள் கிடையாது, 85-க்கு மேல வந்தாத்தான் முழுசு. வருகைக்கு ரூபாயில விலை போட்டாச்சு பாத்தீங்களா. உங்க கம்பெனி 15 சதவீதம்னு சொல்றதும் அதே கதைதான், கொஞ்சம் நேராச் சொல்லிட்டாங்க, அவ்வளவுதான். ஒரு வகையில இது நல்லது, ஏன்னா நிறைய கம்பெனிங்க வாயைத் திறக்காம அப்ரைசல்ல 3 சதவீதம் போட்டு, ப்ரமோஷன் லிஸ்ட்ல பேரை விட்டு, நாலு வருஷத்துல நம்மளை மலிவாக்கிடுவாங்க.

சரி, நிக்குமா? வாரம் முழுக்க வீட்டுல இருந்தே வேலைங்கிறது பெரிய சர்வீஸ் கம்பெனிகள்ல சுருங்கிடுச்சு, அது இனிமே கொஞ்சம் பேருக்குத்தான், அந்தக் கொஞ்சம் பேரும் போனா திரும்பப் பிடிக்க முடியாத ஆளா இருக்கணும். பாதி நாள் வீடு, பாதி நாள் ஆபீஸுங்கிற ஹைப்ரிட் மட்டும் போகாது, அடிச்சுச் சொல்றேன். ஏன்னா அதுல கம்பெனிக்கே லாபம். ஸ்டான்ஃபோர்டுல நிக்கோலஸ் ப்ளூம்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர், சீனாவுல ட்ரிப்.காம் கம்பெனியில 1,612 பேரை வச்சு சோதனை பண்ணி 2024-ல நேச்சர் இதழ்ல போட்டாங்க. வாரம் 2 நாள் வீட்டுல இருந்து வேலை பாத்தவங்கள்ல வேலையை விட்டவங்க மூணுல ஒரு பங்கு குறைஞ்சாங்க, வேலைத் தரத்துலயோ ப்ரமோஷன்லயோ எந்த வித்தியாசமும் இல்ல. அதுலயும் பெண்கள், மேனேஜர் இல்லாதவங்க, ரொம்ப தூரத்துல இருந்து வர்றவங்க, இவங்கதான் வேலையை விடாம தங்கினது. உங்க மேனேஜர்கிட்ட பேசும்போது இதைச் சொல்லலாம், தப்பில்ல, ஆனா ஒண்ணு, அது ஹைப்ரிட் பத்தின ஆய்வு. மொத்தமா 5 நாளும் வீட்டுலங்கிறதுக்கு அதை ஆதாரமாக் காட்டாதீங்க, விவரம் தெரிஞ்ச ஹெச்ஆர் ஒரே கேள்வியில மடக்கிடுவாங்க.

அடுத்தது, அதே வேலைக்கு ஏன் குறைச்ச சம்பளம். நியாயமான்னு கேட்டா நியாயம் இல்ல, நீங்க எழுதுற டெஸ்ட் ஸ்கிரிப்ட் கோத்தகிரியில ஓடினாலும் பெங்களூரு ஒயிட்ஃபீல்டுல ஓடினாலும் ஒரே பிழையைத்தான் பிடிக்கும். ஆனா சம்பளம் நியாயத்துல முடிவாகுறது இல்லைன்னு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா, உங்க தோட்டத்துப் பச்சைத் தேயிலைக்கு என்ன விலைங்கிறது குன்னூர் ஏலத்தைப் பாத்துத்தான் வருது, உரம் என்ன விலைக்கு வாங்கினீங்க, பறிக்கிற ஆளுக்கு எவ்வளவு கூலி குடுத்தீங்கன்னு ஃபேக்டரிக்காரர் கேக்குறாரா? இங்கயும் அதேதான். உங்க இடத்துக்கு இன்னொரு ஆளை எங்க இருந்து, எவ்வளவுக்குப் பிடிக்கலாம்ங்கிறதுதான் உங்க விலை. ஆபீஸுக்கு வர்ற லீட் வேணும்னா பெங்களூரு ஆளைத்தான் பிடிக்கணும், அது பெங்களூரு விலை. எங்க இருந்தாலும் சரின்னு ஆயிட்டா திருநெல்வேலி, மதுரை, விஜயவாடா எல்லாமே போட்டிக்கு வந்துடும். கோத்தகிரியில காய்கறி மலிவு, வாடகை இல்ல, அதனால குறைக்கிறோம்னு ஹெச்ஆர் சொன்னா அது சும்மா மேல பூசுறது, நம்பாதீங்க. ஊருல விலைவாசி ஏறினா கூட்டிக் குடுப்பாங்களா என்ன.

வெளிநாட்டுலயும் இதுல ஒரே கொள்கைன்னு ஒண்ணு கிடையாது. 2021-ல கூகுள்ல ஆபீஸை விட்டு தூரமாப் போய் உக்காந்து வேலை பாக்க நினைச்ச சிலருக்கு 25 சதவீதம் வரைக்கும் குறையும்னு செய்தி வந்துச்சு, 2020-லயே ஃபேஸ்புக்கும் இருக்குற ஊரைப் பொறுத்துத்தான் சம்பளம்னு சொல்லிட்டாங்க. அதே 2020-ல ரெட்டிட் கம்பெனி அமெரிக்காவுக்குள்ள எங்க இருந்தாலும் ஒரே சம்பளம்னு முடிவு பண்ணினாங்க. ஆக 15 சதவீதம்ங்கிறது இயற்கை விதி ஒண்ணும் இல்ல, யாரோ ஒருத்தர் எக்செல்ல போட்ட நம்பர். பேசினா அசையும். அந்த எக்செல்லை போடுறவங்கள்ல நானும் ஒருத்தி, எனக்குத் தெரியாதா.

இப்போ உங்க கணக்கு. 18 லட்சத்துல 15 சதவீதம்னா வருஷத்துக்கு 2.7 லட்சம். மாசம் 22,500 போச்சேன்னு பதறாதீங்க, புது வரி முறையில நீங்க 15 சதவீத ஸ்லாப்லயோ அதுக்குக் கொஞ்சம் மேலயோ இருப்பீங்க, வரியும் கூடவே குறையும், பிஎஃப் எப்படிப் பிடிக்கிறாங்கங்கிறதைப் பொறுத்து கைக்கு வர்றதுல குறையுறது மாசம் 16,000-ல இருந்து 19,000-க்குள்ள இருக்கும். இதுக்கு எதிர்ப்பக்கம் பெங்களூருல வீட்டு வாடகை, அஞ்சாறு மாச வாடகையை அட்வான்ஸாக் கட்டணும், பொண்ணுக்கு அங்க ஸ்கூல் ஃபீஸ், நீங்க இல்லாம இங்க தோட்டமும் கடையும், மாமியாரைப் பாத்துக்க ஆள். வாடகை கட்டினா ஹெச்ஆர்ஏல (வீட்டு வாடகைப்படியில) வரி மிச்சமாகும்னு யாராவது சொன்னா, புது வரி முறையில அந்த விலக்கே கிடையாது, அதையும் கணக்குல இருந்து எடுத்துடுங்க. குடும்பத்தோட போனாலும் சரி, நீங்க மட்டும் பிஜியில தங்கி வாரம் 3 நாள் ஓடினாலும் சரி, 19,000-க்கு மேலதான் செலவாகும். சும்மா வாராவாரம் வந்து போறது நடக்குற காரியமா, பந்திப்பூர் வழியா ராத்திரி 9-ல இருந்து காலை 6 வரைக்கும் வண்டியை விட மாட்டாங்க, ஏதோ ஒண்ணு ரெண்டு பஸ்ஸைத் தவிர, இல்லன்னா மேட்டுப்பாளையம் இறங்கி கோயம்புத்தூர் போய் ட்ரெயின் பிடிக்கணும், ஐப்பசி கார்த்திகையில நம்ம ரோட்டுல மரம் விழுந்துச்சுன்னா அதுவும் இல்ல.

அப்போ ஒத்துக்க வேண்டியதுதானேன்னா, அங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. முதல் வருஷ வெட்டு பெரிய விஷயமே இல்ல. அதுக்கு அப்புறம் ரிமோட் பேண்டுக்குன்னு தனி ஹைக் வச்சிருக்காங்களாங்கிறதுதான் விஷயம். ஆபீஸ் பேண்டுல வருஷம் 8 சதவீதம், ரிமோட்ல 5 சதவீதம்னு வச்சுக்கோங்க, 5 வருஷம் கழிச்சு அந்த 18 லட்சம் 26.4 லட்சமா நிக்கும், உங்க 15.3 லட்சம் 19.5-ல நிக்கும். 2.7 லட்ச வித்தியாசம் கிட்டத்தட்ட 7 லட்சமா வளர்ந்துடுச்சு. ரெண்டுக்கும் ஒரே 8 சதவீதம்னா வித்தியாசம் 4 லட்சத்துலயே நின்னுடும். அதனால ஹெச்ஆர்கிட்ட நீங்க கேக்க வேண்டிய முதல் கேள்வி, ஏன் குறைக்கிறீங்கங்கிறது இல்ல. இந்த பேண்டுல இருக்குறவங்களுக்கும் மத்தவங்களுக்கும் ஒரே இன்க்ரிமென்ட் விகிதமா, இதுல இருந்து ப்ரமோஷன் உண்டா, அடுத்த லெவலுக்கு ரிமோட் பேண்டுல இடமே இருக்கான்னு கேளுங்க. போன்ல கேக்காதீங்க. மெயில்ல கேளுங்க.

அடுத்தது எந்த இடத்துல வெட்டுறாங்கன்னு பாருங்க. இது ரொம்ப முக்கியம், யாரும் கவனிக்கிறது இல்ல. கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தர்ற பணிக்கொடை, எப்படிப் போடுறாங்க, கடைசியா வாங்கின மாச பேசிக்கை (அடிப்படைச் சம்பளத்தை) 26-ஆல வகுத்து 15-ஆல பெருக்கி, எத்தனை வருஷமோ அதால பெருக்குவாங்க. கடைசியா வாங்கின பேசிக், அதைக் கவனிங்க. உங்க பேசிக் சிடிசியில பாதின்னா மாசம் 75,000, 8 வருஷத்துக்கு கிராஜுவிட்டி சுமார் 3.46 லட்சம். பேசிக்கை 15 சதவீதம் குறைச்சாங்கன்னா, இனிமே பாக்கப் போற வேலைக்கு மட்டுமில்ல, 2018-ல இருந்து நீங்க பாத்து முடிச்ச வேலைக்கும் சேத்து கிட்டத்தட்ட 52,000 அடி வாங்கும். அதனால வெட்டுறதுன்னா ஸ்பெஷல் அலவன்ஸ்ல வெட்டிக்கோங்க, பேசிக்கைத் தொடாதீங்கன்னு கேளுங்க. கம்பெனிக்கு மொத்தச் செலவு ஒண்ணும் பெருசா மாறாது, அதனால இதை ஒத்துக்க வாய்ப்பு அதிகம். கூடவே இன்டர்நெட் பில், யுபிஎஸ், மாசம் ஒரு தடவை பெங்களூரு வந்து போற செலவு, இதெல்லாம் கம்பெனி கணக்குன்னு எழுதி வாங்கிடுங்க.

சட்டத்துல ஏதாச்சும் பிடி இருக்கான்னு நீங்க கேக்கல, ஆனா யாராவது கிளப்பி விடுவாங்க. வீட்டுல இருந்து வேலை பாக்குறது உரிமைன்னு நம்ம ஊருல பொதுச் சட்டம் எதுவும் இல்ல. 2017-ல மகப்பேறு சட்டத்தைத் திருத்தினப்போ, லீவு முடிஞ்சதுக்கு அப்புறம் வேலையோட தன்மை இடம் குடுத்தா, ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா வீட்டுல இருந்து பாக்கலாம்னு ஒரு வரி சேர்த்தாங்க, அதுவும் ஒத்துக்கிட்டாத்தான். உங்க ஆஃபர் லெட்டரை எடுத்துப் பாருங்க, வொர்க் லொகேஷன் பெங்களூருன்னுதான் இருக்கும், 2020-ல வந்த மெயில்ல 'மறு அறிவிப்பு வரும் வரை'ன்னு இருக்கும். அப்போ ஆபீஸுக்குக் கூப்பிடுறது அவங்க கையில. ஆனா சம்பளத்தைக் குறைக்கிறது அப்படி இல்ல, அது ஒப்பந்தத்தையே மாத்துறது, அதுக்குத்தான் உங்க அக்செப்ட் கேக்குறாங்க. உங்க பேரத்துக்கு இருக்குற ஒரே கொக்கி அதுதான். மாத்திக் குடுக்குற லெட்டர்ல வொர்க் லொகேஷன் கோத்தகிரின்னு போடச் சொல்லுங்க. சம்பளத்தை மட்டும் குறைச்சிட்டு லொகேஷன் பெங்களூருன்னே விட்டுட்டாங்கன்னு வைங்க, அடுத்த வருஷம் திரும்ப ஆபீஸுக்கு வான்னு கூப்பிடலாம், 15 சதவீதமும் போய் வீடும் போயிடும். இதை மட்டும் விட்டுக் குடுக்கவே குடுக்காதீங்க.

நான் உங்க இடத்துல இருந்தா மாசத்துல 3 நாள் சேர்ந்தாப்புல பெங்களூரு வர்றேன், அதுக்கு பதிலா வெட்டை 7 இல்ல 8 சதவீதமாக்குங்கன்னு கேப்பேன். ரிலீஸ் பிளானிங் நடக்குற வாரமாப் பாத்துப் போங்க, அப்போ முகம் தெரிஞ்சா வருஷம் முழுக்கப் பேசும். ரிமோட் ஆளுக்கு உண்மையான ஆபத்தே இதுதான், வேலை நல்லாப் பண்றாங்க ஆனா யாருக்கும் ஞாபகம் வரல. காத்து மழை நாள்ல லைன் போயிடுச்சு, கரண்ட் இல்லன்னு ரெண்டு தடவை மீட்டிங்ல இருந்து காணாம போனா அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கும், வேடிக்கை. அதனால ஒரு ஃபைபர் இன்டர்நெட், இன்னொரு கம்பெனி சிம் போட்ட டாங்கிள், 6 மணி நேரம் தாங்குற இன்வெர்ட்டர் பேட்டரி, இது மூணும் உங்களுக்கு லேப்டாப் மாதிரி.

இதுக்கெல்லாம் முன்னாடி ஒரு வேலை இருக்கு, வெளிய உங்க விலை என்னன்னு பாத்துட்டு வாங்க. ஜூனுக்குள்ள நாலு இடத்துல இன்டர்வியூ குடுங்க, சேரணும்னு இல்ல. ரிமோட்டுக்கே 16 லட்சம் தர ஒருத்தர் இருந்தா உங்க கம்பெனியோட 15.3-ஐ ஒத்துக்க வேண்டிய அவசியமே இல்ல, யாருமே 13-க்கு மேல பேசலன்னா 15.3 நல்ல டீல்தான், வாயை மூடிட்டு வாங்கிக்கலாம். வெளிநாட்டு கம்பெனி நேரடியா கான்ட்ராக்டர்னு எடுக்குறதும் வரும், நம்பர் பெருசாத் தெரியும், அதுல பிஎஃப் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது, சம்பளத்தோட லீவும் பெரும்பாலும் இருக்காது, அதையெல்லாம் கழிச்சிட்டுப் பாருங்க. வேலையை விடாம பக்கத்துல இன்னொண்ணு பாக்கலாமேன்னு யாராவது ஐடியா குடுத்தா வேண்டாம், 2022-ல விப்ரோ அதுக்காகவே 300 பேரை வீட்டுக்கு அனுப்பினாங்க.

கோயம்புத்தூரையும் ஒரு கண்ணு பாருங்கம்மா. வெளிநாட்டு கம்பெனிகள் தங்களோட சொந்த ஆபீஸையே இங்க போடுறது இப்போ ரொம்ப வேகமா நடக்குது, ஜிசிசின்னு சொல்றாங்க, நாடு முழுக்க 1,700-க்கு மேல ஆயிடுச்சு, பாஷ் மாதிரி பெரிய ஆபீஸ் கோயம்புத்தூர்லயே இருக்கு. கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அங்க இருந்து கோயம்புத்தூர் இன்னும் ஒரு 35, வாரம் ரெண்டு நாள் காலையில இறங்கி சாயந்திரம் ஏறலாம், கஷ்டம்தான் ஆனா முடியும். ஹைப்ரிட்தான் நிக்கப் போகுதுன்னா, ஹைப்ரிட் எந்த ஊருலங்கிறதுதான் உங்க அடுத்த 10 வருஷத்துக்கான கேள்வி. பெங்களூரு உங்களுக்கு ஒத்து வராது, கோயம்புத்தூர் ஒத்து வரும்.

தம்பிக்கு வர்றேன். வேண்டாம்னு சொல்லுங்க. நீங்க 2018-ல இருந்து ரெண்டு வருஷம் ஆபீஸ்ல உக்காந்தீங்க, பக்கத்து சீட்டுக்காரர் ஸ்க்ரீனை எட்டிப் பாத்துக் கத்துக்கிட்டீங்க, டீ பிரேக்ல நாலு பேர் அறிமுகம் ஆனாங்க, இன்னைக்கு நீங்க வீட்டுல இருந்து லீடா இருக்குறது அந்த ரெண்டு வருஷத்து முதலீட்டுலதான். அவனுக்கு அந்த முதலீடு இல்ல. முதல் வேலையே ரிமோட்டா இருந்தா சந்தேகம் கேக்கக்கூட ஆள் இருக்காது, மெசேஜ் போட்டா அரை மணி நேரம் கழிச்சு பதில் வரும், நல்ல ரிமோட் வேலை ஃப்ரெஷருக்கு அநேகமாக் கிடைக்கவும் கிடைக்காது, அப்படி வர்ற விளம்பரங்கள்ல நிறைய பணம் கட்டச் சொல்ற மோசடி. முன்பணம் கட்டு, லேப்டாப்புக்கு டெபாசிட் கட்டுன்னு எவன் கேட்டாலும் அது வேலையே இல்லைன்னு சொல்லி வைங்க. கோயம்புத்தூரோ சென்னையோ, தினமும் போற ஆபீஸா ஒரு மூணு வருஷம் இருக்கட்டும், சம்பளம் வருஷத்துக்கு 50,000 கம்மின்னாலும் நல்ல டீம் இருக்குற இடமாப் பாக்கட்டும்.

ஹெச்ஆருக்குப் போடுற மெயிலை நீங்களே தமிழ்லயோ இங்கிலீஷ்லயோ ஒரு டிராஃப்ட் எழுதி, கம்பெனி பேரையும் உங்க பேரையும் எடுத்துட்டு எனக்கு அனுப்புங்க, அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துத் தர்றேன். உங்க சம்பள ஸ்லிப்ல பேசிக் எவ்வளவு, பிஎஃப் 1,800-லயே நிக்குதா இல்ல பேசிக்ல 12 சதவீதம் பிடிக்கிறாங்களா, அதையும் சேத்து எழுதுங்க. அது தெரிஞ்சா 16,000-ஆ 19,000-ஆங்கிற கணக்கைச் சரியாப் போட்டுடலாம்.